பாதியில் திரும்பி வந்த தம்பிக்காக ஒரு மலை வரலாறு

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

எங்கள் வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் லோடு ஏற்றும் தம்பி ஒருவன், போன தீபாவளி விடுமுறையில் எவரெஸ்ட் அடிவார முகாம் வரை நடந்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பிப் போனான்.

போனவன் முகாமைப் பார்க்காமலேயே திரும்பி வந்துவிட்டான்.

இப்போது டீக்கடையில் அவனுக்குப் பெயர் 'பாதி எவரெஸ்ட்'.

போன வாரம் அம்மாவுக்கு பிரஷர் மாத்திரை வாங்க ஆஸ்பத்திரிக்கு வந்தான். "காசும் போச்சு, மானமும் போச்சு சார்" என்றான்.

நீ செய்தது சரி என்று நான் சொன்னால் ஆறுதலுக்குச் சொல்வது போல இருக்கும். அதனால் இதற்கு முன்னால் குறைந்த காசில், தனியாக, பெரிய மலைக்குப் போனவர்களின் கதையை வரிசையாகச் சொல்கிறேன். யார் செய்தது சரி என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

(அவனிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். அடையாளம் தெரிகிற விவரங்களை விட்டுவிட்டேன்.)

முதலில் அவன் என்னிடம் வந்த கதை.

ஆடி மாசம். ஓபி முடிகிற நேரம்.

"சார், பிட்னஸ் சர்டிபிகேட் ஒண்ணு வேணும்."

"எதுக்கு தம்பி?"

"மலையேறப் போறேன் சார்."

"சதுரகிரிக்கா? அதுக்கு எதுக்குய்யா சர்டிபிகேட்?"

"இல்ல சார். எவரெஸ்ட் அடிவாரம். தனியா."

கையில் ஒரு கோடு போட்ட நோட்டு. அதில் முழுக் கணக்கும் எழுதி வைத்திருந்தான். சீட்டுப் பணம் 35,000 ரூபாய். கோரக்பூர் வரை ரயில். சோனாலி எல்லை தாண்டி காத்மாண்டுவுக்கு பஸ். நேபாளம் போக நமக்கு விசா வேண்டாம், அந்தச் செலவு மிச்சம். கனமான ஜாக்கெட்டும் ஸ்லீப்பிங் பேக்கும் காத்மாண்டுவில் வாடகைக்கு. சாப்பாட்டுக்குப் பருப்பும் சோறும்.

உண்மையிலேயே நல்ல கணக்கு. நான் போட்டிருந்தால்கூட இவ்வளவு நறுக்கென்று போட்டிருக்க மாட்டேன்.

மூன்று வரிகள்தான் இடித்தன.

'நாம்சே ரெஸ்ட் – தேவையில்லை.'

'டிங்போச்சே ரெஸ்ட் – தேவையில்லை.'

'வழிகாட்டி – தேவையில்லை.'

"ஏன் தம்பி ரெஸ்ட் வேணாம்?"

"நான் லோடு தூக்குற ஆளு சார். தினமும் காலைல 5 கிலோமீட்டர் ஓடுறேன். ரெண்டு நாள் சும்மா உக்காந்தா ரூம் வாடகை, சாப்பாடு. லீவு முடிஞ்சு லேட்டா வந்தா இங்க ரெண்டு நாள் கூலி. யாரு சார் குடுப்பா?"

நியாயமான கேள்வி. மாசச் சம்பளம் வாங்குகிற எனக்கு ரெஸ்ட் என்றால் ரெஸ்ட். அவனுக்கு ரெஸ்ட் என்றால் கழிகிற கூலி.

ஆனால் அந்த நோட்டில் அவன் வெட்டியிருந்த மூன்றும்தான் கடந்த 150 வருஷத்தில் பலரைக் கொன்றவை. எப்படி என்று பார்ப்போம்.

அதற்கு முன்னால் உயரத்தில் உடம்புக்கு என்ன ஆகிறது என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம்.

எங்கள் பக்கம் 'மருந்து' என்றால் முதலில் ஞாபகம் வருவது பட்டாசு மருந்துதான். அதில் இருக்கும் வெடியுப்பு, அதாவது பொட்டாசியம் நைட்ரேட், எரிவதற்கு வேண்டிய ஆக்சிஜனைத் தனக்குள்ளேயே வைத்திருக்கிறது. அதனால்தான் இறுக்கி அடைத்த காகிதக் குழாய்க்குள்ளும் மருந்து எரிகிறது. வெளிக்காற்றை அது எதிர்பார்ப்பதில்லை.

மனுஷ உடம்பில் அப்படிப் பெரிய கையிருப்பு எதுவும் கிடையாது. மூச்சுக்கு மூச்சு வெளியிலிருந்து வாங்கியாக வேண்டும். ஆக்சிஜன் விஷயத்தில் நாம் எல்லோருமே அன்றாடங்காய்ச்சிகள்.

சுமார் 5,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதிதான். காற்றில் ஆக்சிஜனின் பங்கு அங்கேயும் 21 சதவீதம்தான். ஆனால் அழுத்தம் குறைவதால் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் அளவு பாதியாகிவிடுகிறது. எவரெஸ்ட் அடிவார முகாம் இருப்பது 5,364 மீட்டரில்.

உடம்பு இதற்குப் பழகிக்கொள்ளும். மூச்சு ஆழமாகும். அதனால் மாறும் ரத்தத்தின் கார நிலையை சிறுநீரகம் சரிசெய்யும். இதற்குச் சில நாள் ஆகும். சிவப்பணுக்கள் பெருக வாரங்கள் ஆகும். ஓடினாலும் சரி, மூட்டை தூக்கினாலும் சரி, இந்த வேலையை வேகப்படுத்த முடியாது.

இன்னொரு சிக்கல். பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல் போய்த் தங்கும்போதுதான் மலை நோய் ஆரம்பிக்கும். தமிழ்நாட்டின் உயரமான இடமான தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான். அதாவது பழகிப் பார்க்க நம் மாநிலத்தில் இடமே இல்லை. சதுரகிரியில் நூறு தடவை ஏறி இறங்கினால் கால் தேறும். உயரம் பழகாது.

சரி, வரலாற்றுக்கு வருவோம்.

1875, ஏப்ரல் 15. பிரான்ஸ்.

'ஸெனித்' என்ற பலூனில் மூன்று பேர் மேலே போனார்கள். திசாந்தியே, சிவெல், க்ரோசே-ஸ்பினெல்லி. உயரத்தில் மூச்சு முட்டும் என்று அவர்களுக்குத் தெரியும். அதனால் பைகளில் ஆக்சிஜனும் கொண்டு போனார்கள். அந்த அளவு போதாது என்று பால் பேர் என்ற உடலியல் அறிஞர் ஒரு எச்சரிக்கைக் கடிதம் எழுதினார். கடிதம் போய்ச் சேர்வதற்குள் பலூன் கிளம்பிவிட்டது.

பலூன் 8,000 மீட்டரைத் தாண்டியது. ஆக்சிஜன் குழாய் பக்கத்திலேயே இருந்தது. எடுத்து வாயில் வைத்தால் போதும். எடுக்கக் கை வரவில்லை.

பலூன் கீழே வந்தபோது இருவர் இறந்திருந்தார்கள். திசாந்தியே மட்டும் பிழைத்தார்.

அவர் பிறகு விவரித்ததுதான் முக்கியம். மேலே போகப் போக வலியும் இல்லை, பயமும் இல்லை. ஒருவிதச் சந்தோஷமாகத்தான் இருந்ததாம்.

மூளைக்கு ஆக்சிஜன் குறையும்போது, 'எனக்குக் குறைகிறது' என்று கண்டுபிடிக்க வேண்டியதும் அதே மூளைதான். அதனால் அதை நம்ப முடியாது. வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல இன்னொரு ஜோடிக் கண் வேண்டும். தம்பி வெட்டிய 'வழிகாட்டி' என்ற வரிக்கு இதுதான் பதில்.

மூன்று வருஷம் கழித்து, 1878ல், பால் பேர் ஒரு பெரிய புத்தகம் வெளியிட்டார். உயரத்தில் வரும் தொந்தரவுக்குக் காரணம் ஆக்சிஜன் குறைவுதான் என்று சோதனைகளோடு நிறுவினார்.

1891. மோன் பிளாங்க் மலை.

இந்தக் கதை டாக்டர்களுக்கானது. ஜாக்கொத்தே என்ற இளம் மருத்துவர் 4,300 மீட்டர் உயரத்தில் இருந்த வல்லோ குடிலில் தங்கினார். உடம்பு சரியில்லாமல் போன பிறகும் இறங்க மறுத்துவிட்டார். உயரம் உடம்பை எப்படி மாற்றுகிறது என்று தன்னையே வைத்துக் கவனிக்க நினைத்தார். அங்கேயே இறந்து போனார். பிரேதப் பரிசோதனையில் நுரையீரலில் நீர் கோத்திருந்தது தெரிந்தது.

படித்த டாக்டர், வயதும் குறைவு, நல்ல உடம்பு. மலை எதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

இப்படி மலையில் நுரையீரல் நிரம்பிச் செத்தவர்களுக்கு அதற்குப் பிறகும் பல வருஷம் 'நிமோனியா' என்றே எழுதிவந்தார்கள். அது வேறு நோய் என்று எப்போது புரிந்தது? அதற்குக் கொஞ்ச நேரம் கழித்து வருகிறேன்.

1934. நம் தம்பியின் கதைக்கு ரொம்பப் பக்கத்தில் வருகிற கதை.

மாரிஸ் வில்சன். இங்கிலாந்தின் பிராட்ஃபோர்ட்காரர். முதல் உலகப் போரில் வீரப் பதக்கம் வாங்கியவர், இயந்திரத் துப்பாக்கிக் குண்டும் வாங்கியவர். எவரெஸ்ட் உச்சிக்குத் தனியாகப் போவேன் என்று முடிவு செய்தார். அதுவரை பனிமலை எதுவும் ஏறியதில்லை. விமானம் ஓட்டவும் தெரியாது.

பழைய சிறிய விமானம் ஒன்றை வாங்கினார். ஓட்டக் கற்றுக்கொண்டார். மலைப் பயிற்சி என்று இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இருக்கும் குன்றுகளில் சில வாரம் நடந்தார். நம் சதுரகிரிப் பயிற்சி மாதிரிதான். விரதமும் பிரார்த்தனையும் இருந்தால் உடம்பு எதையும் தாங்கும் என்று நம்பினார்.

1933 மே மாதம் கிளம்பி, தடைகளை எல்லாம் மீறி, இந்தியா வரை தனியாகப் பறந்தே வந்துவிட்டார். அசாத்தியமான காரியம். நேபாளத்தின் மேல் பறக்க அனுமதி கிடைக்கவில்லை. விமானத்தை இங்கேயே விற்றார். டார்ஜிலிங்கில் குளிர்காலத்தைக் கழித்தார். 1934 மார்ச்சில், புத்த பிக்கு வேஷத்தில், மூன்று பேரோடு ரகசியமாக திபெத்துக்குள் நடந்தார்.

அந்த மூன்று பேர் தேவாங், ரின்சிங், சேரிங். 'தனியாக எவரெஸ்ட் போனவர்' என்று வில்சனைப் பற்றி எழுதும் பலரும் இந்தப் பெயர்களைச் சொல்வதில்லை. மலை வரலாற்றில் 'தனி' என்கிற வார்த்தைக்குப் பின்னால் பெரும்பாலும் இப்படி யாராவது சுமை தூக்கிக்கொண்டு நிற்பார்கள்.

ஏப்ரல் நடுவில் மலையடிவாரத்து ரோங்புக் மடாலயம். அங்கிருந்து ஒரு முறை தனியாக முயன்றார், முடியவில்லை. தள்ளாடிக்கொண்டு திரும்பினார். மே மாதம் மறுபடியும் போனார். இந்தத் தடவை கூட வந்த தேவாங்கும் ரின்சிங்கும் ஒரு கட்டத்தில் இதற்கு மேல் வேண்டாம், இறங்கிவிடலாம் என்றார்கள். வில்சன் கேட்கவில்லை.

அவர் நாட்குறிப்பில் கடைசிப் பதிவு மே 31.

அடுத்த வருஷம், 1935ல், எரிக் ஷிப்டன் தலைமையில் போன குழு அவர் உடலைக் கண்டது. முதலில் பார்த்தவர் அந்தக் குழுவின் டாக்டர் சார்லஸ் வாரன்.

வில்சனைக் கொன்றது காசில்லாமை இல்லை. இறங்கு என்று பக்கத்தில் இருந்தவர் சொன்னபோது இறங்காததுதான்.

இப்படி ஏன் உறுதியாகச் சொல்கிறேன் என்றால், அதே 1934ல் அதே இமயமலையில் இன்னொரு சிக்கனக் கதையும் நடந்தது.

இந்த ஷிப்டனும் அவர் நண்பர் டில்மனும் நந்தா தேவி மலையின் உட்பள்ளத்தாக்குக்கு வழி தேடிப் போனார்கள். அதுவரை யாரும் உள்ளே நுழைய முடியாத இடம். கூட ஆங் தார்க்கே, பசாங், குசாங் என்ற மூன்று ஷெர்பாக்கள். இருவருக்கும் சேர்த்து மொத்தச் செலவு ஏறத்தாழ 300 பவுண்டுதான். பெரிய குழுக்கள் டன் கணக்கில் டின் உணவைச் சுமந்து போன காலத்தில், இவர்கள் மாவும் அரிசியும் பருப்பும் சாப்பிட்டார்கள். ஒரு பயணத்துக்குத் திட்டம் போட ஒரு கடித உறையின் பின்பக்கம் போதும் என்பது இவர்கள் கொள்கை.

ஆனால் ஒன்றை மட்டும் தாராளமாகச் செலவழித்தார்கள். நாள். ஏறத்தாழ ஐந்து மாதம் மலையிலேயே இருந்தார்கள். ரிஷிகங்கைப் பள்ளத்தாக்கு வழியாக உள்ளே போனார்கள். எல்லோரும் உயிரோடு திரும்பினார்கள்.

மலைச் சிக்கனத்தின் ரகசியம் இதுதான். சாப்பாட்டைக் குறைத்த கணக்கில் குற்றமில்லை. சாமானைக் குறைத்ததிலும் குற்றமில்லை. நாளைக் குறைத்தால்தான் ஆபத்து.

இரண்டு வருஷம் கழித்து, 1936 ஆகஸ்ட் 29ல், டில்மனும் ஓடெல்லும் 7,816 மீட்டர் நந்தா தேவி உச்சியில் நின்றார்கள். ஓடெல்லோடு உச்சிக்குப் போக வேண்டியவர் உண்மையில் சார்லஸ் ஹூஸ்டன் என்ற அமெரிக்க இளைஞர். கெட்டுப்போன டின் இறைச்சி வயிற்றைக் கலக்கியதால் அவர் இறங்க வேண்டியதாயிற்று. அவருக்குப் பதிலாக டில்மன் போனார்.

உச்சிக்குப் பக்கத்தில் வந்து, வயிற்றுப்போக்கால் திரும்பிய அந்த ஹூஸ்டன் பிறகு டாக்டரானார். 1960ல், உயரத்தில் நுரையீரலில் நீர் கோப்பது நிமோனியா அல்ல, உயரமே உண்டாக்கும் தனி நோய் என்று மருத்துவ உலகுக்குப் புரியும்படி எழுதியவர் அவர்தான். பெரு நாட்டு மருத்துவர்கள் அதற்கு முன்பே இதைக் கவனித்து எழுதியிருந்தார்கள். ஆனால் அவர்கள் எழுதியது ஸ்பானிய மொழியில் இருந்ததால் வெளியே அதிகம் பரவவில்லை.

இரண்டே வருஷத்தில் அந்த அறிவு நம் நாட்டுக்கு மிக அவசரமாகத் தேவைப்பட்டது.

1962. சீனப் போர்.

சமவெளியில் இருந்த பட்டாளங்கள் அவசர அவசரமாக இமயமலை உயரத்துக்கு அனுப்பப்பட்டன. குளிர் உடுப்பும் போதவில்லை. பழகுவதற்கு நாளும் இல்லை. குண்டு படாமலே மலை நோயால் விழுந்த ஜவான்கள் இருந்தார்கள்.

அந்த நோயாளிகளைப் பார்த்த இந்திய ராணுவ மருத்துவர் இந்தர் சிங்கும் அவர் குழுவும் 1969ல் வெளியிட்ட ஆய்வு இன்றும் உலகம் முழுக்க மேற்கோள் காட்டப்படுகிறது. 11,000 முதல் 18,000 அடி உயரத்தில் நோய்ப்பட்ட 1,925 வீரர்களைப் பற்றிய ஆய்வு அது.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அவர்கள் எல்லோரும் உடற்தகுதி பார்த்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். ராணுவத்தை விடக் கறாராக பிட்னஸ் சர்டிபிகேட் கொடுப்பவர் யார்? நான் ஓபியில் உட்கார்ந்து போடும் கையெழுத்துக்கு அதற்கு மேல் என்ன மதிப்பு இருக்கப் போகிறது?

அந்தப் பாடத்துக்குப் பிறகு நம் ராணுவத்தில் கட்டாய விதி வந்தது. 9,000 அடியைத் தாண்டினால் முதல் கட்டமாக 6 நாள் பழக வேண்டும். 12,000 அடிக்கு மேல் போக இன்னும் 4 நாள். 15,000 அடிக்கு மேல் மறுபடியும் 4 நாள். நாட்டின் எல்லையே ஆனாலும் இந்த நாட்களைக் கொடுத்துத்தான் அனுப்புகிறார்கள்.

அடுத்தது, காசில்லாதவர்களுக்கு நல்ல செய்தி.

1964ல் எட்மண்ட் ஹிலாரியின் முயற்சியால் நேபாளத்தின் லுக்லாவில், சுமார் 2,850 மீட்டர் உயரத்தில், ஒரு சிறிய விமான ஓடுதளம் அமைந்தது. ஷெர்பாக்களின் ஊர்களுக்குப் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் கட்ட சாமான் கொண்டு வரத்தான் அந்த ஏற்பாடு. பிறகு சுற்றுலா நடைக்காரர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். அதுவரை தாழ்ந்த பள்ளத்தாக்குகளிலிருந்து நாள்கணக்கில் நடந்து வந்தவர்கள், காத்மாண்டுவில் ஏறி ஒரு மணி நேரத்துக்குள் லுக்லாவில் இறங்கினார்கள்.

1975ல் பீட்டர் ஹேக்கெட், டிரம்மண்ட் ரென்னி என்ற இரு டாக்டர்கள் எவரெஸ்ட் பாதையில் பெரிச்சே என்ற இடத்தில் உட்கார்ந்து, கடந்து போன 278 பேரைப் பரிசோதித்தார்கள். 4,243 மீட்டர் உயரம். பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு மலை நோய் இருந்தது. அதில் விமானத்தில் லுக்லா வந்தவர்களுக்கு அதிகம். கீழேயிருந்தே நடந்து வந்தவர்களுக்குக் குறைவு.

அதாவது பிளைட் டிக்கெட்டுக்குக் காசில்லாமல் நடப்பவனுக்கு அந்த நடையே பாதி மருந்து.

தம்பியிடம் அன்று இதைத்தான் சொன்னேன். "நீ பிளைட்டை வெட்டுனது சரி. நல்ல வேலை பண்ணுன. ஆனா அதுல கிடைச்ச லாபத்தை ரெஸ்ட்டை வெட்டித் தொலைச்சுட்ட."

நம் மாவட்டத்திலிருந்தே ஓர் உதாரணமும் சொன்னேன். ஜோகில்பட்டியில் பிறந்த முத்தமிழ்ச்செல்வி. 2023 மே 23ல் எவரெஸ்ட் உச்சியைத் தொட்டார். தமிழ்நாட்டிலிருந்து உச்சி தொட்ட முதல் பெண். அவர் போனது ஒரு குழுவோடு. லட்சங்களில் செலவு, அரசும் கை கொடுத்தது. ஏப்ரல் தொடக்கத்தில் கிளம்பியவர் உச்சியில் நிற்க மே கடைசி வாரம் நெருங்கிவிட்டது. அந்த வாரங்களில் பெரும்பகுதி பழகுவதற்கும் காத்திருப்பதற்கும் போனதுதான். ஜோகில்பட்டிக்காரருக்கும் மலை சலுகை தரவில்லை. வெம்பக்கோட்டைக்காரனுக்கு மட்டும் தருமா?

தம்பி நோட்டை வாங்கி, தலைகீழாகப் பிடித்து, பின்பக்கத்தில் நான் எழுதிக் கொடுத்தது இவ்வளவுதான். மலைக்குப் போகும் யாருக்கும் பொருந்தும்.

ஒன்று. 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு, நேற்று தூங்கிய இடத்தை விட இன்று தூங்கும் இடம் 500 மீட்டருக்கு மேல் உயரக் கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒரு நாள் அதே உயரத்தில் தங்க வேண்டும்.

இரண்டு. தலைவலியோடு குமட்டலோ, வாந்தியோ, சோர்வோ வந்தால், வேறு காரணம் நிச்சயமாகத் தெரியும் வரை அது மலை நோய்தான். அதோடு மேலே ஏறக் கூடாது.

மூன்று. நேர்கோட்டில் குதிகால் மேல் விரல் வைத்து நடக்க முடியவில்லை என்றாலோ, பேச்சு குழறினாலோ மூளை வீங்குகிறது என்று அர்த்தம். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால் நுரையீரலில் நீர் கோக்கிறது என்று அர்த்தம். இரண்டுக்கும் முதல் வைத்தியம் இறங்குவது. விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது, தனியாக இறங்கவும் கூடாது. இறங்குவதற்குக் காசு கிடையாது. மலை மருத்துவத்தில் இதை விட மலிவான, இதை விட நல்ல வைத்தியம் இல்லை.

நான்கு. அசிட்டசோலமைட் என்ற மாத்திரை பழகுவதற்கு உதவும். டாக்டரிடம் கேட்காமல் கடையில் வாங்கிப் போடாதீர்கள். சல்பா அலர்ஜி உள்ளவர்கள் கட்டாயம் சொல்ல வேண்டும். மாத்திரை போட்டுக்கொண்டு ரெஸ்ட்டை வெட்டலாம் என்று நினைக்கவே கூடாது.

ஐந்து. போவதற்கு முன் பிரஷர், இசிஜி, ஹீமோகுளோபின் பார்க்க வேண்டும். ரத்தசோகை இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். இருக்கிற கொஞ்ச ஆக்சிஜனைச் சுமந்து போக வண்டி வேண்டும் இல்லையா?

ஆறு. வழிகாட்டி. தனியாக நடப்பவர்களுக்கு வழிகாட்டி கட்டாயம் என்று 2023 ஏப்ரல் 1 முதல் நேபாளமே விதி கொண்டு வந்திருக்கிறது. காசு போதவில்லை என்றால் வேறு யாரோடாவது சேர்ந்து பகிர்ந்துகொள்ளலாம்.

ஏழு. திரும்பி வரும் ரயில் டிக்கெட்டை இரண்டு நாள் தள்ளிப் போடுங்கள். அந்த இரண்டு நாள் செலவுக்கான காசைத் தனியாக முடிந்து வையுங்கள். அதைத் தொடாமல் வந்தால் ஊரில் பிரியாணி சாப்பிடலாம்.

"இதெல்லாம் சேர்த்தா 35,000 பத்தாது சார்" என்றான்.

"அப்ப இன்னும் கொஞ்சம் சேத்துட்டுப் போ. அவசரப்பட்டா என்ன ஆகும்னு உனக்கு நான் சொல்லணுமா?"

அவன் பதில் பேசவில்லை. எங்கள் ஊரில் அவசரத்தின் விலை எல்லோருக்கும் தெரியும். தீபாவளி நெருங்கும் மாதங்களில் ஓர் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் எத்தனை வீடுகளில் பெண்கள் வாசலுக்கு ஓடி வருகிறார்கள் என்று தெரியும்.

ஓவர்டைம் பார்த்துக் கொஞ்சம் சேர்த்தான். தீபாவளி முடிந்து ஆலைக்கு விடுமுறை விட்டதும் கிளம்பினான்.

காத்மாண்டுவில் இரண்டு மலையாளிப் பையன்களைப் பிடித்து, மூன்று பேருமாக ஒரு வழிகாட்டிக்குக் காசைப் பகிர்ந்துகொண்டார்கள். லுக்லாவுக்குப் பறக்காமல், சல்லேரி வரை வண்டியில் போய் அங்கிருந்து நடந்தார்கள். நாம்சேயில் ஒரு நாள், டிங்போச்சேயில் ஒரு நாள் தங்கினார்கள். எல்லாம் சொன்னபடி.

அப்படியும் 4,940 மீட்டர் லொபுச்சேயில் அவனுக்கு ராத்திரி தலைவலி. விடியற்காலையில் இரண்டு தடவை வாந்தி.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். விதியை எல்லாம் பின்பற்றினாலும் சிலருக்கு மலை நோய் வரும். யாருக்கு வரும் என்று முன்கூட்டியே சொல்ல என்னிடம் எந்த டெஸ்டும் இல்லை.

"எனக்கு ஒண்ணுமில்ல, நான் வந்துருவேன்" என்று அவன் சண்டை பிடித்திருக்கிறான். முகாம் இன்னும் ஒரு நாள் நடை. வழிகாட்டி ஒன்றும் வாதாடவில்லை. தரையில் இருந்த பலகையின் விளிம்பைக் காட்டி, இதை ஒட்டி நேராக நட என்றிருக்கிறார். நாலாவது எட்டில் தம்பி சாய்ந்துவிட்டான்.

"அப்பவும் நான் நேராத்தான் நடக்குறேன்னு நெனச்சேன் சார்" என்றான் என்னிடம்.

ஸெனித் பலூன் ஞாபகம் வருகிறதா?

அப்போதே அவனைக் கைத்தாங்கலாக இறக்கி பெரிச்சேக்குக் கொண்டு வந்தார்கள். சாயங்காலம் தலைவலி விட்டுவிட்டது. ராத்திரி சோறு கேட்டிருக்கிறான். முடிந்து வைத்த காசும், கூடுதலாக வைத்திருந்த இரண்டு நாளும் உடம்பு தேறி இறங்கி வரவே சரியாக இருந்தது.

இதைத்தான் ஊரில் 'பாதி எவரெஸ்ட்' என்கிறார்கள்.

கடைசியாக ஒரு கதை. போன வாரம் அவனிடம் சொன்னது.

1947. வில்சன் இறந்து 13 வருஷம் ஆகியிருந்தது. கனடாவில் பிறந்த ஏர்ல் டென்மன் என்பவர் டார்ஜிலிங் வந்தார். அதே கனவு. அனுமதி இல்லை. காசும் இல்லை. நல்ல கூடாரம்கூட இல்லை. ஆங் தாவா என்பவரையும் இன்னோர் ஆளையும் துணைக்குச் சேர்த்துக்கொண்டு, வில்சனைப் போலவே ரகசியமாக திபெத் வழியே எவரெஸ்டின் வடக்குப் பக்கம் போனார்.

வில்சன் விழுந்த பகுதிக்குப் பக்கத்தில் வந்தபோது புயலும் குளிரும் தாங்கவில்லை. டென்மன் நின்றார். இது நம்மால் ஆகாது என்று ஒப்புக்கொண்டார். மூவரும் திரும்பி நடந்து, உயிரோடு டார்ஜிலிங் வந்து சேர்ந்தார்கள்.

அடுத்த வருஷம் டென்மன் மறுபடி வந்தார். போக வழி கிடைக்கவில்லை. ஊருக்குத் திரும்பும்போது தன் கம்பளிக் குல்லாவைத் துணைக்கு வந்த அந்த இன்னோர் ஆளிடம் கொடுத்துவிட்டுப் போனார். அவர் எவரெஸ்ட் உச்சிக்குப் போகவே இல்லை.

அந்த இன்னோர் ஆளின் பெயர் டென்சிங் நார்கே.

1953 மே 29ல் ஹிலாரியோடு எவரெஸ்ட் உச்சியில் நின்றபோது டென்சிங் தலையில் இருந்தது டென்மனின் குல்லா.

1947ல் டென்மன் வீம்பு பிடித்து மேலே போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? மூன்று பேரும் அங்கேயே முடிந்திருக்கலாம். திரும்பி வந்ததால்தான் மிச்சக் கதை நடந்தது.

தம்பி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "அந்தக் குல்லா இப்ப எங்க சார் இருக்கு?" என்று கேட்டான். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அம்மாவின் மாத்திரையை வாங்கிக்கொண்டு கிளம்பினான்.

வாசல் வரை போனவன் திரும்பி வந்து சொன்னான். "சீட்டு மறுபடி சேந்துருக்கேன் சார். இந்தத் தடவ ரெஸ்ட் நாலு நாள் போட்டுருக்கேன்."

டீக்கடை அண்ணன்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை அவன் அந்தப் பக்கம் வரும்போது 'பாதி எவரெஸ்ட்' என்று கூப்பிடாதீர்கள். ஒரு டீ வாங்கிக் கொடுத்து, எப்படி இறங்கி வந்தாய் என்று கேளுங்கள். நன்றாகச் சொல்வான்.

மலைக்குப் போக நினைக்கும் தம்பி தங்கைகள் யாராவது உங்கள் வீட்டில் இருந்தால் இந்தப் பதிவை அவர்களுக்கு அனுப்புங்கள். போகாதே என்று தடுக்க வேண்டாம். நாளைக் கூட்டி, துணையோடு, திரும்பி வரக் காசு வைத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள்.



அரசு மருத்துவர்,
வெம்பக்கோட்டை வட்டாரம், விருதுநகர் மாவட்டம்.